வாங்குபவர், விற்பவர்: குழந்தைகள் அனிமேஷன் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி அதிகாரி என்ன செய்கிறார்?

1989-இல் அமெரிக்காவின் மார்வெல் புரொடக்‌ஷன்ஸ் நிறுவனம் எக்ஸ்-மென் என்ற காமிக்ஸ் நாயகர்களை வைத்து அரைமணி நேர அனிமேஷன் படம் ஒன்றை எடுத்தது. தொலைக்காட்சிகள் பார்த்துவிட்டுத் தொடராக வாங்கட்டும் என்பதற்காக எடுத்த மாதிரிப் படம் அது. ஒளிபரப்பாகவும் செய்தது. ஆனால் தொடராக எடுக்க யாரும் முன்வரவில்லை. அப்போது அந்த நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் மார்கரெட் லெஷ்.

மறு ஆண்டே அவர் வேறு வேலைக்குப் போனார். புதிதாகத் தொடங்கப்பட்ட ஃபாக்ஸ் தொலைக்காட்சியின் குழந்தைகள் பிரிவுக்குத் தலைமைப் பொறுப்பு. 1992 அக்டோபர் 31 அன்று எக்ஸ்-மென் அனிமேஷன் தொடர் ஃபாக்ஸ் கிட்ஸில் தொடங்கியது. 1997 வரை 76 அத்தியாயங்கள் ஓடியது. விற்கப் போய் வெறுங்கையோடு திரும்பியவரே, வாங்கும் இடத்துக்கு வந்ததும் அதை வாங்கினார்.

குழந்தைகள் அனிமேஷன் உலகில் நிகழ்ச்சி அதிகாரி, தயாரிப்பாளர் என்ற இரண்டு வேலைகளையும் புரிந்துகொள்ள இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. கார்ட்டூன் என்றதும் படம் வரைபவரும் குரல் கொடுப்பவரும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். எந்தக் கதை குழந்தைகளிடம் போய்ச் சேர வேண்டும் என்று முடிவெடுப்பவரை நினைப்பதே இல்லை. ஆனால் அவர் 'சரி' என்று சொல்லாத வரை ஒரு கோடுகூட அசையாது.

ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள்

மேசையின் ஒரு பக்கத்தில் தொலைக்காட்சி நிறுவனத்தின் நிகழ்ச்சி அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் ஒளிபரப்பு நேரம் இருக்கிறது, பணம் இருக்கிறது, படம் இல்லை. எதிர்ப்பக்கத்தில் தயாரிப்பாளர். அவரிடம் கதை இருக்கிறது, ஓவியர்கள் இருக்கிறார்கள், ஸ்டூடியோ இருக்கிறது, பணம் இல்லை. அதிகாரி வாங்குகிறார், தயாரிப்பாளர் விற்கிறார். வாங்கிய பிறகும் அதிகாரி எழுந்து போய்விடுவதில்லை. கதைச் சுருக்கம், வசனம், ஸ்டோரிபோர்டு (காட்சிகளை வரிசையாக வரைந்து காட்டும் படங்கள்), முதலில் தொகுத்த வடிவம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் பார்த்துக் கருத்துச் சொல்கிறார்.

பெயர்ப் பட்டியலில் வரும் பட்டங்கள் புதியவர்களைக் குழப்பும். 'எக்ஸிகியூட்டிவ் புரொட்யூசர்' என்று போடப்பட்டிருப்பவர் அந்தத் தொடரை உருவாக்கிய ஓவியராக இருக்கலாம், ஸ்டூடியோ முதலாளியாக இருக்கலாம், பணம் திரட்டிக் கொடுத்தவராகவும் இருக்கலாம். 'லைன் புரொட்யூசர்' என்பவர்தான் தினசரிக் கணக்கு வழக்கும் கால அட்டவணையும் பார்ப்பவர். தொலைக்காட்சியின் அதிகாரி பெயர் பல நேரங்களில் பட்டியலின் கடைசியில், சின்ன எழுத்தில் வரும்.

நாற்காலிகள் நிலையாக இருந்தாலும் உட்காருபவர்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். லெஷ் 1970களில் என்பிசி தொலைக்காட்சியில் குழந்தைகள் நிகழ்ச்சிகளைக் கவனித்தார். பிறகு ஹன்னா-பார்பரா ஸ்டூடியோவுக்குப் போனார். அங்கிருந்து மார்வெல், அங்கிருந்து ஃபாக்ஸ். வாங்குபவர், விற்பவர், மறுபடியும் விற்பவர், மறுபடியும் வாங்குபவர். இப்படிப் பக்கம் மாறுவதை நிலையில்லாமை என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. மறுக்கப்பட்டுத் திரும்பி வந்தவருக்குத்தான் எந்தக் கதை காரணமில்லாமல் மறுக்கப்பட்டது என்று தெரியும்.

கதை எப்படித் தொடராகிறது?

ஒரு ஓவியரோ எழுத்தாளரோ யோசனையோடு வருகிறார். பத்துப் பதினைந்து நிமிடம் பேசி, சில படங்களைக் காட்டுகிறார். இதைப் 'பிட்ச்' என்கிறார்கள். அதிகாரிக்குப் பிடித்தால் குறிப்பிட்ட காலத்துக்கு அந்த யோசனையின் உரிமையைக் கொஞ்சம் பணம் கொடுத்துப் பிடித்துவைப்பார். அடுத்து 'பைபிள்' என்று துறையில் சொல்லப்படும் கையேடு தயாராகும். பாத்திரங்கள் யார், எப்படிப் பேசுவார்கள், எதற்குப் பயப்படுவார்கள், அந்த உலகத்தில் எது நடக்கும், எது நடக்கவே நடக்காது என்பதெல்லாம் அதில் இருக்கும். பிறகு ஒரு மாதிரி அத்தியாயம். அதுவும் தேறினால்தான் தொடருக்கு அனுமதி.

அதிகாரி கையெழுத்துப் போடும்போது எவ்வளவு உழைப்புக்குப் பொறுப்பேற்கிறார் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். அரைமணி நேர இடத்தில் விளம்பரம் போக மிஞ்சுவது சுமார் 22 நிமிடம். அதை இரண்டு கதைகளாகப் பிரித்தால் ஒரு கதைக்கு 11 நிமிடம், அதாவது 660 நொடி. நொடிக்கு 24 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) என்றால் மொத்தம் 15,840 சட்டகங்கள். ஒரு படத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினாலும் 7,920 படங்கள் வேண்டும். தொலைக்காட்சி அனிமேஷனில் உடம்பை அசையாமல் வைத்து வாயை மட்டும் அசைப்பது, ஒரே பின்னணியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது போன்ற சிக்கனங்கள் பிறந்தது இந்தக் கணக்கிலிருந்துதான். 1957-இல் தொடங்கப்பட்ட ஹன்னா-பார்பரா அந்தச் சிக்கனத்தை ஒரு தொழில்முறையாகவே ஆக்கிக் காட்டியது.

கையால் வரையும் பாணியிலான ஓர் அத்தியாயம் எழுத்தில் தொடங்கித் திரைக்கு வர ஏறக்குறைய ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை பிடிக்கும். அதனால் ஒரே நேரத்தில் பல அத்தியாயங்கள் பல கட்டங்களில் இருக்கும். ஒன்று எழுதப்படும்போது இன்னொன்று வரையப்படும், வேறொன்றுக்கு இசை சேர்க்கப்படும். இதில் புதியவர்கள் கவனிக்க வேண்டிய சங்கடம் ஒன்று இருக்கிறது. முதல் பருவம் (சீசன்) ஒளிபரப்பாகிக் குழந்தைகளுக்குப் பிடித்ததா என்று தெரிவதற்குள் இரண்டாம் பருவத்துக்கு ஆர்டர் கொடுத்தாக வேண்டும். காத்திருந்தால் குழு கலைந்துவிடும், ஓவியர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், ஓராண்டு இடைவெளி விழும். குழந்தையோ அதற்குள் வளர்ந்து அடுத்த நிகழ்ச்சிக்குப் போயிருக்கும். ஆகவே எண்கள் கைக்கு வருவதற்கு முன்பே முடிவெடுக்கும் துணிச்சல் இந்த வேலைக்கு வேண்டும்.

ஓர் அணில் ஒளிந்த கதை

அதிகாரியின் அன்றாட வேலையில் பெரும்பகுதி குறிப்பு எழுதுவது. துறையில் 'நோட்ஸ்' என்றே சொல்வார்கள். நல்ல குறிப்பும் மோசமான குறிப்பும் எங்கே பிரிகின்றன என்பதற்கு ஒரு கற்பனை அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம்.

தொடர் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கானது. நாயகன் ஓர் அணில் குட்டி. நண்பனின் பட்டத்தைத் தெரியாமல் கிழித்துவிட்டு, அகப்படாமல் இருக்க ஒளிந்துகொள்கிறது. ஸ்டோரிபோர்டில் ஓவியர் அதைக் குளிர்பதனப் பெட்டிக்குள் ஒளித்திருக்கிறார். கதவு மூடுகிறது. கும்மிருட்டு. இரண்டு கண்கள் மட்டும் மின்னுகின்றன. பார்த்ததும் சிரிப்பு வருகிறது. வரைந்தவர் ரசித்து வரைந்திருக்கிறார் என்பது கோட்டிலேயே தெரிகிறது.

ஆனால் அது திரைக்குப் போகக் கூடாது. குழந்தைகள் நிகழ்ச்சியில் எப்போதும் கேட்கும் கேள்வி, 'இதைப் பார்த்துவிட்டுக் குழந்தை செய்து பார்க்குமா?' என்பது. அணில் பீரங்கியிலிருந்து பறந்து போய் மலையில் மோதினால் பிரச்சினை குறைவு, ஏனென்றால் எந்தக் குழந்தையிடமும் பீரங்கி இல்லை. குளிர்பதனப் பெட்டி வீட்டில் இருக்கிறது. கதவு குழந்தையின் கைக்கு எட்டும். உள்ளே போய் மூடிக்கொண்டால் மூச்சு முட்டும். பார்வைக்குச் சாதுவான காட்சிதான் இங்கே ஆபத்தான காட்சி.

மோசமான அதிகாரி எழுதுவார்: 'அலமாரிக்குள் ஒளியட்டும்.' ஆபத்தும் முழுதாகப் போகவில்லை, ஓவியரின் வேலையையும் அவரே செய்துவிட்டார். நல்ல அதிகாரி எழுதுவது வேறு மாதிரி இருக்கும்: 'இருட்டில் கண்கள் மட்டும் தெரிகிற படம் அருமை, அதை விட்டுவிட வேண்டாம். உள்ளே மாட்டிக்கொள்ளும் இடமாக மட்டும் இருக்கக் கூடாது.' எது வேலை செய்கிறது என்று முதலில் சொல்லிவிட்டு, எது தடை என்பதைத் தெளிவாக வைத்துவிட்டு, தீர்வை ஓவியரிடமே விட்டுவிடுகிறார். ஓவியர் இரண்டு நாள் கழித்துத் திரும்பி வருகிறார். அணில் இப்போது கிழிந்த பட்டத்துக்கு அடியிலேயே ஒளிந்திருக்கிறது. கிழிசல் வழியாக இரண்டு கண்கள் எட்டிப் பார்க்கின்றன. முந்தைய படத்தைவிட இது மேலானது, ஏனென்றால் ஒளியும் இடமே குற்றத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

அதிகாரியின் தலையீடு படைப்பைக் கெடுக்கும் என்று பொதுவாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. பல இடங்களில் அது உண்மைதான். ஆனால் ஸ்கூபி-டூ பிறந்த விதத்தைப் பாருங்கள். 1960களின் இறுதியில் அமெரிக்காவில் சனிக்கிழமைக் காலை கார்ட்டூன்களில் அடிதடி அதிகம் என்று பெற்றோர் அமைப்புகள் குரல் எழுப்பின. சிபிஎஸ் தொலைக்காட்சியின் ஃப்ரெட் சில்வர்மேன் அடிதடி இல்லாத மர்மக் கதை ஒன்றை விரும்பினார். ஜோ ரூபி, கென் ஸ்பியர்ஸ் என்ற எழுத்தாளர்களும் ஓவியர் இவாவோ தகமோட்டோவும் ஹன்னா-பார்பராவில் அதை உருவாக்கினார்கள். முதல் வடிவத்தை, படங்கள் மிகவும் பயமூட்டுகின்றன என்று சிபிஎஸ் மேலிடம் மறுத்துவிட்டது. சில்வர்மேன் கைவிடவில்லை. கூட்டத்தில் ஒன்றாக இருந்த நாயை முன்னுக்குக் கொண்டுவந்து கதையின் நாயகனாக்கும்படி செய்தார். பயந்தாங்கொள்ளி நாய் நடுவில் வந்ததும் பேய்க் கதை சிரிப்புக் கதையாகிவிட்டது. 1969 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் தொடரின் வாரிசுகள் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் வந்துகொண்டிருக்கின்றன.

குழந்தையை எப்படிக் கேட்பது?

இந்த வேலையின் உண்மையான கடினம், பார்வையாளர் தன் கருத்தைச் சொல்லத் தெரியாதவர் என்பது. நான்கு வயதுக் குழந்தையிடம் 'பிடித்திருக்கிறதா?' என்று கேட்டால் நம் முகத்தைப் பார்த்து 'ம்' என்று தலையாட்டும். அந்த 'ம்' எதற்கும் உதவாது.

1960களின் இறுதியில் செசமி ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சிக்காக எட்வர்ட் பாமர் என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு வழி கண்டார். குழந்தையைத் தொலைக்காட்சிக்கு முன் உட்காரவைத்து, பக்கத்தில் இன்னொரு திரையில் வண்ணப் படங்களை ஓடவிட்டார். ஏழரை நொடிக்கு ஒருமுறை படம் மாறும். குழந்தையின் கண் நிகழ்ச்சியை விட்டுப் பக்கத்துத் திரைக்கு எப்போது போகிறது என்று ஒருவர் உட்கார்ந்து குறித்துக்கொண்டே இருப்பார். கண் விலகிய இடங்கள் நிகழ்ச்சி தொய்ந்த இடங்கள். பெரியவர்கள் கூடி எவ்வளவு வாதாடினாலும் கிடைக்காத பதிலை ஒரு குழந்தையின் கழுத்து திரும்பும் திசை சொல்லிவிட்டது. எளிமையான இந்தச் சோதனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. குழந்தையை மதித்து, அதன் தீர்ப்பைக் கேட்கக் காத்திருந்தவர்கள் செய்த வேலை அது.

பாதுகாப்பு என்பது கதையில் மட்டும் இல்லை, வெளிச்சத்திலும் இருக்கிறது என்று துறை பட்டுத்தான் கற்றுக்கொண்டது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போகிமான் தொடரின் ஓர் அத்தியாயத்தில் சிவப்பும் நீலமும் நொடிக்கு ஏறக்குறைய 12 முறை மாறி மாறி மின்னின. சுமார் 685 குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். தொடர் நான்கு மாதம் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு மின்னும் வெளிச்சத்துக்கு ஜப்பானில் விதிகள் வந்தன. பிரிட்டனிலும் நொடிக்கு மூன்றுக்கு மேல் மின்னக் கூடாது என்ற வழிகாட்டுதலை வைத்து நிகழ்ச்சிகளைச் சோதிக்கிறார்கள். அந்த அத்தியாயத்தில் வேலை செய்த யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. இருந்தாலும் அனுமதி கொடுத்தவர்களின் கை அதில் இருக்கிறது.

பணம் எங்கிருந்து வருகிறது?

தொலைக்காட்சி கொடுக்கும் தொகை பெரும்பாலும் முழுச் செலவுக்குப் போதாது. மீதியை வெளிநாட்டு விற்பனை, கூட்டுத் தயாரிப்பு, பொம்மை, புத்தகம் ஆகியவற்றிலிருந்து தயாரிப்பாளர் திரட்ட வேண்டும். 2018-இல் தொடங்கிய ஆஸ்திரேலியத் தொடர் புளூயிக்கு அந்த நாட்டு ஏபிசியும் பிரிட்டனின் பிபிசி ஸ்டூடியோஸும் சேர்ந்து ஆர்டர் கொடுத்தன. இரண்டு நாட்டுப் பணம் என்றால் இரண்டு இடத்துக் குறிப்புகள் என்பதையும் தயாரிப்பாளர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பொம்மைக் கணக்கு தனிக் கதை. 1983-இல் மேட்டல் நிறுவனத்தின் பொம்மைகளை வைத்து ஹீ-மேன் தொடர் அமெரிக்காவில் வந்தது. பருவத்துக்கு 65 அத்தியாயங்கள். 65 என்ற எண் ஏன்? வாரத்துக்கு ஐந்து நாள், 13 வாரம். நான்கு முறை சுற்றிவிட்டால் ஓராண்டு நிறைந்துவிடும். 1984-இல் அமெரிக்க ஒளிபரப்பு ஆணையம் விளம்பரக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும் பொம்மைத் தொடர்கள் வரிசை கட்டி வந்தன. கதைக்காகப் பொம்மையா, பொம்மைக்காகக் கதையா என்று பிரித்தறிய முடியாத நிலை. அதற்கு எதிர்வினையாக 1990-இல் குழந்தைகள் தொலைக்காட்சிச் சட்டம் வந்தது. குழந்தைகள் நிகழ்ச்சியில் விளம்பரம் மணிக்கு வார இறுதியில் பத்தரை நிமிடம், வார நாளில் 12 நிமிடம் என்று வரம்பு வைக்கப்பட்டது. 1996-இல் வகுத்த விதி வாரத்துக்கு மூன்று மணி நேரக் கல்வி நிகழ்ச்சியை நிலையங்களிடம் எதிர்பார்த்தது. சட்டத்தில் ஒரு வரி மாறினால் ஓர் அதிகாரியின் கையில் இருக்கும் பட்டியலே மாறிவிடும் என்பதால், கதை படிப்பதைப் போலவே விதிகளையும் படிக்க வேண்டியிருக்கிறது.

பொம்மையிலிருந்து பிறப்பதெல்லாம் மட்டம் என்றும் நான் சொல்லமாட்டேன். என்பிசியின் தலைவராக வந்திருந்த அதே சில்வர்மேன் தன் மகளுக்கு ஸ்மர்ஃப் பொம்மை வாங்கிக் கொடுத்ததிலிருந்துதான் ஸ்மர்ஃப் தொடரின் யோசனை எழுந்தது. பெல்ஜிய ஓவியர் பெயோ 1958-இல் படைத்த அந்த நீலக் குட்டி மனிதர்கள் 1981-இல் ஹன்னா-பார்பராவின் கையால் தொலைக்காட்சிக்கு வந்தார்கள். தன் வீட்டுக் குழந்தை எதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கவனிப்பதும் இந்த வேலையின் ஒரு பகுதி.

ஒன்றுக்குப் பதில் நாற்பத்தெட்டு

1992-இல் ஹன்னா-பார்பராவின் தலைவராக ஃப்ரெட் சீபர்ட் வந்தார். எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சிகளுக்கு இடையே வரும் விளம்பரத் துண்டுகளை உருவாக்கிப் பெயர் எடுத்தவர், கார்ட்டூன் ஸ்டூடியோவை நடத்திப் பழகியவர் அல்ல. பெரும் பணத்தை ஒரே தொடரில் போட்டு, அது விழுந்தால் எல்லாம் விழுவதை அவர் விரும்பவில்லை. ஏழு நிமிடக் குறும்படங்களாக 48 எடுக்கலாம், ஒவ்வொன்றையும் ஓர் ஓவியர் தன் போக்கில் செய்யட்டும், எது குழந்தைகளைப் பிடிக்கிறதோ அதைத் தொடராக்குவோம் என்றார். 1995-இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் அவை வரத் தொடங்கின. டெக்ஸ்டர்ஸ் லேபரட்டரி, ஜானி பிராவோ, பவர்பஃப் கேர்ள்ஸ் ஆகிய தொடர்களெல்லாம் அந்த 48-இலிருந்து முளைத்தவை. எல்லாம் முளைக்கவில்லை, பெரும்பாலானவை ஒற்றைக் குறும்படமாகவே நின்றுவிட்டன. அப்படி நிற்பதற்கு இடம் கொடுத்ததுதான் அந்தத் திட்டத்தின் பலம்.

பிற்பாடு சீபர்ட் சொந்த ஸ்டூடியோ தொடங்கி நிக்கலோடியன் என்ற குழந்தைகள் தொலைக்காட்சிக்கும் அதே முறையில் குறும்படங்கள் எடுத்தார். அவற்றில் ஒன்று பெண்டில்டன் வார்டின் அட்வென்ச்சர் டைம். இணையத்தில் பரவிப் பலர் கொண்டாடியும் நிக்கலோடியன் அதைத் தொடராக எடுக்க மறுத்துவிட்டது. கார்ட்டூன் நெட்வொர்க் எடுத்தது. 2010-இல் தொடங்கி 2018 வரை ஓடியது.

எங்கிருந்து தொடங்குவது?

இந்த வேலைக்கென்று நேர்வழிப் படிப்பு எதுவும் இல்லை. மார்கரெட் லெஷ் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தட்டச்சு எழுத்தராகச் சேர்ந்தவர். ஸ்டூடியோவில் தயாரிப்பு உதவியாளராக நுழைந்து, எந்தக் காட்சி யாரிடம் இருக்கிறது என்று தேதி வாரியாகப் பார்த்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளராகி, பிறகு தயாரிப்பாளராவது ஒரு வழி. தொலைக்காட்சியில் வந்து குவியும் யோசனைகளைப் படிக்கும் உதவியாளராகச் சேர்வது இன்னொரு வழி. எழுத்தும் ஓவியமும் தெரிந்தவர்கள் நடுவிலிருந்து இந்தப் பக்கம் வருவதும் உண்டு.

படிக்கும் உதவியாளரின் வேலையைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கு அதுதான் முதல் படி. ஒவ்வொரு யோசனையையும் படித்து ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். கதைச் சுருக்கம் எழுதுவது எளிது. அதற்கு மேல் சில கேள்விகளுக்குப் பதில் வேண்டும். இந்தப் பாத்திரத்துக்கு என்ன வேண்டும்? எந்த வயதுக் குழந்தை இதைப் பார்க்கும்? இதிலிருந்து 26 கதைகள் வருமா? கடைசிக் கேள்விக்கு உட்கார்ந்து, ஒரு கதைக்கு ஒரு வரி வீதம் எழுதிப் பார்ப்பதுதான் வழி. பத்தாவது வரியில் பேனா நின்றுவிட்டால் அது நல்ல குறும்படமாகலாம், தொடராகாது.

'வேண்டாம்' என்று எழுத நேர்ந்தால் காரணத்தையும் ஒரு வரி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வயது பொருந்தவில்லையா, அட்டவணையில் இடம் இல்லையா, பணம் இல்லையா, கதையே பிடிக்கவில்லையா? முதல் மூன்றும் இரண்டு ஆண்டுகளில் மாறிவிடக்கூடியவை. அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.